எங்கள் வீட்டு ஐந்தாவது தலை

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள், மகள், மருமகன் ஆக மொத்தம் நாலு பேரும் நலம். நாலு என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனித்துக்கொள். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் மரியாதை; ஆனால் எனக்கு உன் நலத்தைவிட உன் நடமாட்டத்தை அறியத்தான் ஆவல். நீ மூட்டை முடிச்சுகளோடு இங்கே வந்து நிரந்தரமாகத் தங்கத் திட்டம் போட்டிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ ரொம்ப ரசித்துப் பார்ப்பான். போன வாரம் போனில் நீ "ஒண்ணுமில்ல மச்சான், சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாயே, அதுவும் ஜன்னல் பக்கம் பார்க்கிற குரல்தான்.

வராதே என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எங்கள் குடியிருப்பின் நிலைமையைச் சொன்னால் உனக்கே புரியும். நாற்பது வீடு. கட்டினவர் வீட்டுக்கு நாலு பேர் என்று கணக்குப் போட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டினார், ஆறு பேர் ஏறுகிற லிஃப்ட் வைத்தார், அதோடு கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். இப்போது காலை எட்டு மணிக்கெல்லாம் குழாய் இருமுகிறது, ஒன்பதுக்கு லிஃப்ட் மூச்சு வாங்கி இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொள்கிறது, குப்பைத் தொட்டி மதியத்துக்குள் நிரம்பிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் சங்கச் செயலாளர், மேல்மாடியில் தனியாக இருக்கிறவர், கூட்டம் போட்டு, "உலகமே நிரம்பி வழியுது, நம்ம கட்டடம் எந்த மூலைக்கு? ஜனத்தொகைதான் வியாதி. வீட்டுக்கு நாலு தலை, அதுக்கு மேல கூடாதுன்னு விதி போட்டாத்தான் தப்பிப்போம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். யார் எண்ணுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் கூச்சமில்லாமல் எழுந்து நின்றேன். ஓடுகிற வண்டியில் பின்படியில் தொங்கிக்கொண்டே உள்ளே எத்தனை தலை என்று சொன்னவன், நிற்கிற கட்டடத்தை எண்ண மாட்டேனா?

முதல் தடவை வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். கதவைத் தட்டிக் கேட்டால் யாரும் உண்மை சொல்லப்போவதில்லை. பையனுக்கு மீசை அரும்புகிற வரைக்கும் "இப்பதான் நாலு முடியப்போகுது சார்" என்று சொல்லி அரை டிக்கெட்கூட எடுக்காத அம்மாக்களைப் பார்த்தவன் நான். செருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்பி, முந்நூற்றுப் பதினெட்டு ஜோடி எண்ணி, முந்நூற்றுப் பதினெட்டு பேர் என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, முதல் மாடிப் பல் டாக்டர் ஒண்டிக்கட்டை, ஆனால் ஓட ஒன்று, நடக்க ஒன்று, நிற்க ஒன்று என்று பதினொரு ஜோடி வைத்திருக்கிறார். செருப்பும் பொய் சொல்கிறது மச்சான், காலம் அப்படி. இரண்டாவது தடவை ஆளையே எண்ணினேன். நூற்று ஐம்பத்து மூன்று பேர். நாலுக்கு மேல் இருக்கிற வீடுகள் ஆறு. ஒவ்வொன்றையும் நோட்டில் சிவப்பு மையில் சுழித்தேன்.

அந்த ஆறில் ஒன்று மூன்றாவது மாடி டீச்சர் வீடு. அவர், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார், ஆக ஐந்து. நான் சுழிப்பதைப் பார்த்துக்கொண்டே, "எண்ணினதெல்லாம் சரி சார், எண்ணினதைப் பாத்தீங்களா? அஞ்சு வயசுக்குக் கீழே மொத்தக் கட்டடத்துல எத்தனை பேர்?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டி "மூணு" என்றேன். "அறுபதுக்கு மேலே?" "எழுபத்தொண்ணு." "அப்ப கூட்டம் எங்கேருந்து சார் வந்துச்சு? என் வகுப்புல முன்னெல்லாம் முப்பத்தெட்டு பிள்ளைங்க, இந்த வருஷம் பத்தொன்பது. உங்க பாஷையிலயே சொல்றேன், புதுசா ஏறுறவங்க குறைஞ்சுட்டாங்க. ஏறினவங்கதான் இறங்க மாட்டேங்கிறாங்க." இதைச் சொல்லும்போது அவர் பார்வை என் நரைத்த தலையில் ஒரு நிமிஷம் நின்றது. எனக்கு அறுபத்தெட்டு. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது என்கிறாரோ என்று அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தேகம். அதோடு விட்டாரா? "மேல்மாடியில ஒருத்தர் குளியல் தொட்டியில படுத்து ஊறுற தண்ணி எங்க அஞ்சு பேருக்கும் ரெண்டு நாளைக்கு வரும். தலையை எண்ணுறீங்க, தொட்டியை எண்ணினீங்களா?" என்றார். என் நோட்டில் தொட்டிக்குப் பத்தி இல்லை என்று விதியைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் அந்த அம்மாள் பின்னாலிருந்து, "பாத்துக்குங்க சார், உங்க வீட்டுக்கும் ஒரு ஆள் வரத்தான் போகுது" என்று சொல்லிச் சிரித்தார். உன் மேல் எனக்குச் சந்தேகம் முளைத்தது அந்த நிமிஷத்தில்தான்.

பத்திரிகையைப் பார்த்தாவது தெளியலாம் என்றால் அது இன்னும் மோசம். ஒரு பக்கத்தில் ஜனம் பெருகிவிட்டது, பூமி தாங்காது, சாப்பாடு போதாது என்று எழுதியிருக்கிறது. புரட்டினால் அடுத்த பக்கத்திலேயே பிள்ளை பெறுவோர் குறைந்துவிட்டார்கள், நாளைக்குக் கிழவர்களைத் தூக்கி உட்காரவைக்க ஆள் இருக்காது என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் எழுதினது ஒரே ஆள் என்பது என் சந்தேகம். இரண்டிலும் 'அபாயகரமான' என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது. ஓர் ஊரில் போதும் என்று கூட்டம் போடுகிறார்களாம், இன்னோர் ஊரில் போதாது என்று கூட்டம் போடுகிறார்களாம். இரண்டு ஊர் படத்தையும் பார்த்தேன். மேடையில் இருந்தவர்களில் ஒருத்தருக்கும் பிள்ளை பெறுகிற வயசில்லை. எனக்கு இதெல்லாம் புதிதா என்ன? நிறுத்தத்தில் நிற்கிறவரைக்கும் "உள்ளே தள்ளிப் போகச் சொல்லுங்க கண்டக்டர், அவ்வளவு இடம் கிடக்குது" என்று கத்துகிற அதே ஆள், ஒரு காலை உள்ளே வைத்ததும், "எடுங்க சார் வண்டியை, இனி யாரையும் ஏத்தாதீங்க" என்பான். நானும் யோக்கியன் இல்லை. மூச்சுவிட இடமில்லாத வண்டியில், "உள்ளே போங்க, உள்ளே நிறைய இடமிருக்கு" என்று முப்பத்தொரு வருஷம் வாய் கூசாமல் பொய் சொன்னவன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆதாரங்களைக் கேள். சாமான் போட்டு வைக்கிற பின்னறையை உன் அக்காளும் மருமகனும் அளவு நாடா வைத்து அளந்தார்கள். எதற்கு என்றேன். "சும்மா, அறை எவ்வளவுன்னு பாத்தோம்" என்றாள். இருபது வருஷமாக அந்த அறை எவ்வளவு என்று தெரியாமலா அதில் என் பழைய யூனிஃபார்ம் பெட்டியை வைத்தாள்? இரண்டு நாளில் அறைக்கு மஞ்சள் பெயின்ட். உனக்கு மஞ்சள் பிடிக்கும் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அடுத்து ஒரு கட்டில் வந்து இறங்கியது. நாலு பக்கமும் கம்பி அடைத்த கட்டில். நீ தூக்கத்தில் உருண்டு விழுகிறவன், உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மேடையிலிருந்து விழுந்து முழங்கையில் கட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்தவன். அதனால்தான் கம்பி. ஆனால் நீளம் மூன்றரை அடிகூட இல்லை. காலை மடக்கிக்கொண்டாவது படுக்கத் தயாராக இருக்கிறாய் என்றால் எவ்வளவு பிடிவாதம் உனக்கு!

மகளோ, இரண்டு இரண்டு படியாகத் தாண்டிப் போகிறவள், ஒரு மாதமாக வரிசையில் நின்று லிஃப்டில்தான் ஏறுகிறாள். அவளுக்கு ஒரு டம்ளர் பால் கூடியிருக்கிறது, எனக்கு அரை டம்ளர் குறைந்திருக்கிறது. நேற்று பால்கனிக் கொடியில் கம்பளியில் பின்னின ஒரு ஜோடி குட்டிச் செருப்பு தொங்கியது. விட்டுப் பார்த்தேன், என் கட்டைவிரல்தான் நுழைந்தது. "அது சாவிக்கொத்துல மாட்டுற பொம்மை" என்றாள் உன் அக்காள். சாவிக்கொத்துப் பொம்மையைத் துவைத்துக் காயப்போடுகிற வீட்டை நான் பார்த்ததில்லை. எதுவானாலும் ஜோடி ஜோடிதான். முறைப்படி எங்கள் வீட்டு ஐந்தாவது தலை என்று நோட்டில் குறித்து, கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் 'மைத்துனர்' என்று எழுதினேன். எழுதின கையோடு உள்ளே வந்தால், உன் அக்காள் போனில் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்: "இன்னும் ஒரு ஆள் வர்றது அவருக்கு இப்பத் தெரிய வேண்டாம்டா. தெரிஞ்சா நோட்டைத் தூக்கிட்டு வந்துடுவார். கூட்டம் முடியட்டும், நீ வந்து பக்குவமா எடுத்துச் சொல்லு." போதுமா? இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒன்று மட்டும் மனசு விட்டுச் சொல்கிறேன். நான் கூடத்துக்குள் நுழைந்தால் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினதும் பஸ்சுக்குள் ஓர் அமைதி வருமே, அதே அமைதி. வேலையில் இருந்தபோது அதை ரசித்திருக்கிறேன். சொந்த வீட்டில் அது வலிக்கிறது மச்சான். இதைச் சொல்லவும் எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை, நீதான் எதிரி என்றாலும்.

ஆகவே இறுதியாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பட்டியலை வாசிக்கப் போகிறேன். விதி நிறைவேறினால் பட்டியலில் உள்ள வீடுகள் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஆறு வீட்டோடு ஏழாவதாக என் வீட்டையும் வாசிப்பேன். சொந்தக்காரன் என்று டிக்கெட் கிழிக்காமல் விட்ட பழக்கம் எனக்கில்லை. எங்களைத் தெருவில் நிறுத்துகிற எண்ணம் இல்லையென்றால் வராதே. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நிறைவாக, நெடுங்காலம் அங்கேயே வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நாலு பேரில் ஒருவன்,
உன் அக்காள் புருஷன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிக்குக் கொண்டுபோவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கூட்டம் முடிந்து வந்து, உறையைப் பிரித்து எழுதுகிறேன்.

ஆறு வீட்டையும் வாசித்தேன். ஏழாவதாக, "என் வீடு, ஐந்து பேர், வருகிறவர் மைத்துனர்" என்றேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையிலிருந்து உன் அக்காள் எழுந்தாள். "என் தம்பி சொல்லிட்டுப் போக வர்றான், தங்க வரலை. தங்க வரப்போறது உங்க பேரப்பிள்ளை. நோட்டு இருக்குல்ல? எழுதிக்குங்க!" மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். "உங்ககிட்டதான்ப்பா மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். சிவப்பு மையில சுழிச்சுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு." முப்பத்தொரு வருஷத்தில் நான் வாங்காத திட்டு இல்லை. எதுவும் இப்படி உறைத்ததில்லை.

செயலாளர், "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?" என்றார். "ஒண்ணுதான். எந்த பஸ்சிலயும் மடியில உக்கார்ற குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, தலைக்கணக்கிலயும் வராது" என்றேன். "எத்தனை வயசு வரைக்கும்?" "மடி தாங்குற வரைக்கும்." உடனே டீச்சர் எழுந்து, "எங்க சின்னவன் இன்னும் அவன் தாத்தா மடியிலதான் சார் உக்காருவான்" என்றார். திரும்பிப் பார்த்தேன். பையன் தாத்தாவைவிட இரண்டு விரல்தான் குள்ளம். "நாலு முடியப்போகுதா?" என்று கேட்டேன். "ஆமா சார், இப்பதான்" என்றார். சிவப்புச் சுழியை அடித்தேன். மற்ற ஐந்து வீட்டிலும் மடிகள் கிளம்பின, அவற்றையும் அடித்தேன். பிறகு நோட்டில் புதிதாக ஒரு பத்தி இழுத்து, 'தொட்டி' என்று தலைப்புப் போட்டு, மேல்மாடி, ஒன்று என்று வாசித்தேன். செயலாளர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். விதி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இனிமேல் அவரே எண்ணுவாராம்.

ஆகவே மச்சான், மேலே எழுதியதைப் படிக்காதே, படித்துவிட்டிருந்தால் மறந்துவிடு. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் வண்டியைப் பிடித்து வா. அந்தக் கம்பிக் கட்டில் உனக்குப் பத்தாது, என் கட்டிலில் படுத்துக்கொள். உள்ளே நிறைய இடமிருக்கிறது, இந்தத் தடவை பொய் இல்லை. வந்ததும் செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிடாதே, எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். செயலாளர் செருப்பிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார்.