காலண்டர் டாக்டரம்மா

ராமநாதபுரத்தில் பெண்களின் நாடியை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக் காலண்டரைப் பிடித்துப் பார்த்த ஒரே டாக்டர் அவர்தான். மார்பில் வலி என்று யார் போனாலும், "தினசரிக் காலண்டர்ல வலிக்கிற நாளைக்கு ஒரு சுழி, வீட்டுக்குத் தூரமான நாளைக்கு ரெண்டு சுழி. மாசம் முடிஞ்சதும் கொண்டா" என்பார். சொந்தப் பெயர் வாசல் போர்டில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

கமுதிக்கார அம்மா ஒருவர் முருகன் படம் போட்ட அட்டையோடு முழுக் காலண்டரையும் பஸ்ஸில் தூக்கி வந்தார். டாக்டருக்காக ஒரு தாளும் கிழிக்காததால் வீட்டில் ஒரு மாதமாகத் தேதியே நகரவில்லை. போதாததற்கு அவர் மாமியாரும் மூட்டுவலிக்கு அதிலேயே சுழி போட்டிருந்தார்.

நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வலிக்காகப் போய், சொன்னபடி சுழி போட்டேன். தினமும் காலையில் வழக்கம்போல் முந்தின நாள் தாளைக் கிழித்தேன். ஒரு மாதம் ஒழுங்காக வைத்தியம் பார்த்த திருப்தி எனக்கு.

அப்புறம்தான் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. என் மகளுக்கு நாலு வயது. இனி அவளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

டாக்டரம்மா ஊசியால் உறிஞ்சி எடுத்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு கேட்டார்: "காலண்டர் எங்கத்தா?"

"கிழிச்சுட்டேன் டாக்டரம்மா."

"சுழி போட்ட தாளையுமா?"

"அதுலதான் அவுக ஷேவிங் நுரையைத் தொடச்சாக."

"ஒரு மாச ஹார்மோன் கணக்கைத் தாடியோட சேத்து வழிச்சு எறிஞ்சுட்டீகளேத்தா!"

என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "மாசாமாசம் ஹார்மோன் ஏறுறப்ப மாருல சதை பூரிக்கும். இறங்குனதும் உடம்பைக் காக்குற செல்லுக வந்து கழிவை அள்ளும். சில பேருக்கு அள்ளி முடியுமுன்ன அடுத்த மாசம் வந்துருது, மிச்சம் கட்டியா நின்னுருது. உன்னுது அதுவா, வேறயான்னு மதுரையில சொல்லட்டும்."

ஆறாம் நாள் நடுப்பகலில் தொண்டி வியாபாரி ஒருவருக்கு டிரங்க்கால் போட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க டாக்டரம்மா உள்ளே நுழைந்தார், கையில் ரிப்போர்ட். "ஏத்தா, உன் மாருல இருக்கது கெட்ட கட்டியில்ல! எல்லாம் ஹார்மோன் வேலை. காவக்கார செல்லுக கூட்டம் போட்டுருக்கு, அம்புட்டுத்தான்!"

சூப்பர்வைசர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்தார். என் காதுக்குழாயில் தொண்டிக்காரர், "அல்ஹம்துலில்லாஹ்! புள்ள நல்லாருக்கட்டும்" என்றார்.

அவ்வளவு வெட்கமும் அவ்வளவு சந்தோஷமும் ஒரே நிமிடத்தில் எனக்கு மறுபடி வந்ததில்லை. வேகாத வெயிலில் நடந்தே வந்த அந்த மனுஷியை அன்று கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் ஒரு நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டேன்.