மூணுதரம் அண்ணன் ஜெயித்த பேரம்

புரட்டாசி ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் ஐஸ் டிப்போவைத் திறந்தேன். கட்டிகளை மூடியிருந்த உமியைத் தள்ளினேன். உடைக்கும் மிஷினைக் கழுவினேன். பலகையில் விலை எழுதினேன். எழுதி என்ன பயன்? பழவேற்காடு ஏரிக்கரையிலேயே எழுதிய விலையைக் கொடுத்து எதையும் வாங்காத ஒரே மனிதர் மூணுதரம் அண்ணன்தான்.

எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் விடுபவர் அவர். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று கத்தினால் பக்கத்து ஊரான திருப்பாலைவனத்தில் மாடு மிரளும். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். பஸ் டிக்கெட்டுக்குப் பேரம் பேசி, பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவர். பல் பிடுங்கப் போன இடத்தில், "ரெண்டாப் புடுங்கினா இன்னா கொறைப்பே?" என்று கேட்டவர். விலைபோகாத மீனுக்கு ஐஸ் வாங்க என்னிடம் தினமும் வருவார்.

"வெறும் தண்ணிக்கா தங்கச்சி இந்த வெலை?"

"தண்ணி ஏரியில கெடக்கு, மொண்டுக்கோண்ணே!"

சில மாதங்களுக்கு முன் அவர் போனில் கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்று வந்து சேர்ந்தது. இலவசம் என்றதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பேரம் பேச வழியில்லையே. ஆனால் ஒரு சுவர் எழும்ப ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். உடனே எழும்ப வேண்டுமானால் வைரக்கல் வாங்க வேண்டும். அதற்குக் காசு.

"இன்னாடா அநியாயமா சொல்ற? பாதிக்குத் தர்றியா?" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டு மூடினார். மறுநாள் திறந்தால், "உங்களுக்கு மட்டும்! இன்று மட்டும்! பாதி விலை!"

"பாத்தியா தங்கச்சி, எறங்கி வந்துட்டான்!" டிப்போ அதிரச் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் ஜெயித்தார். ஏலம் எடுக்கும் வியாபாரிகள் இப்போது போனில்தான் பணம் அனுப்புகிறார்கள். அதைச் சாயங்காலம் படகுக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. ஊர்ப் பணமும் கோட்டையும் ஒரே போனில் இருந்தன. படகுக்காரர்களிடம் "நாளைக்கு வாங்கிக்கோ" என்று சொல்ல ஆரம்பித்தார். ஏலத்தின் நடுவே போன் சிணுங்கினால் 'ரெண்டு தரம்' என்பதோடு நின்றுவிடுவார். கூடையில் இறால் துள்ளித் துள்ளி அடங்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஐஸ் வாங்க வரவில்லை. மதியம் கோயில் எதிரே ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. படகுக்காரர்களின் பணம் அவரிடம் இல்லை. அப்போதும் அண்ணன் தலை நிமிர்ந்துதான் நின்றார்.

"போச்சு, ஒத்துக்கறேன். ஆனா சொன்ன வெலைக்கு எதையும் வாங்கல. எல்லாம் பாதிக்குப் பேசி எடுத்தேன்."

நண்டு விற்கும் தேசம்மா இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். அதே கோட்டை. அதே பாதி விலை.

"நான் இதுங்கிட்ட ஒரு வார்த்த பேசலண்ணா. எல்லாருக்கும் இதான் வருது."

அண்ணன் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். இனி ஏலம் வேறு ஆள் விடுவார் என்று பஞ்சாயத்து சொன்னது. அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

மறுநாள் காலை டிப்போவைத் திறந்தபோது வாசலில் நின்றிருந்தார். யாருக்கோ கூலிக்கு மீன் பெட்டி கட்டுகிறாராம். ஐஸ் வேண்டும் என்றார். நான் உமியைத் தள்ளவில்லை, மிஷினைத் தொடவில்லை. முதல் வேலையாக, பலகையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு விலை சொன்னேன்.

சொன்ன விலைக்கே காசெடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"அநியாயம்னு கத்துண்ணே" என்றேன்.