அறுபத்திரண்டு பேருக்கு ஒரே முகவரி

'சோதனை' என்று ஒரே ஒரு மெயில்தான் அனுப்பினான் சின்னதுரை. பத்து நிமிடத்தில் நாலாயிரத்து முந்நூறு சோதனைகள் திரும்பி வந்துவிட்டன.

வடக்கே தளேகாவ் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி அது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அனந்தராமன், பாணேரில் பெரிய வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தவன் சின்னதுரை ஒருவன்தான். பேக்கிங் ஷெட்டில் காண்ட்ராக்ட் ஆளாகப் பெட்டி தூக்கித் தூக்கி முதுகெலும்பு நழுவியவன். நாற்பது வயதுக்குமேல் பெட்டி லேபிள்களைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகியவன். அதை வைத்து அவனை நாற்காலியில் உட்கார வைத்தார் மேனேஜர் ஜம்புநாதன்.

"பேக்கிங் ஷெட் காண்ட்ராக்ட் ஆளுங்க அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே லெட்டர் போகணும்ப்பா. பேக்கிங்னு ஒரு அட்ரஸுக்குப் போட்டா எல்லார் போனுக்கும் போற மாதிரி ஏலியஸ் பண்ணிடு. அஞ்சு மணி தாண்டக் கூடாது. தாண்டுச்சு, நாளைக்கு நீ மறுபடி லோடிங்தான்."

லோடிங் என்றதும் சின்னதுரையின் முதுகு தானாகவே ஒரு தரம் வலித்தது.

கணபதி பண்டிகை வரும் சமயம். கம்பெனி கொடுக்கும் லட்டு டப்பா விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தன் பெயரையும் சேர்த்து அறுபத்திரண்டு பெயரையும் ஏற்றினான். ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு: போன சரக்குக்கு ரசீது திரும்பி வர வேண்டும். ஆகவே ஒவ்வொருவர் கணக்கிலும், 'வந்ததைத் திருப்பி பேக்கிங்குக்கு அனுப்பு' என்று போட்டு வைத்தான். பேக்கிங்குக்கு வந்தது மறுபடி அறுபத்திரண்டு பேருக்கும் போயிற்று. அவர்களிடமிருந்து மறுபடி வந்தது.

விமான் நகரில் மெயில் சர்வரை வாடகைக்கு விட்டவர்களுக்குப் போன் போட்டான். கேஷவ் என்ற பையன் எடுத்தான்.

"அங்கிள், என் தமிழ் கொஞ்சம் கச்சா, அரைகுறை. நீங்க மெயிலை ரவுண்டு சுத்த விட்டுட்டீங்க. அந்த ரிட்டர்ன் எல்லாம் நிகாலுங்க, எடுத்துடுங்க. ஆனா இன்னிக்கு அனுப்பற கோட்டா கதம்."

"கதம்னா தம்பி?"

"முடிஞ்சுபோச்சு."

"அய்யய்யோ! அஞ்சு மணிக்குள்ள போகணுமேப்பா!"

"அப்போ ரிலே போடுங்க. வேற ஆபீஸ் சர்வர் வழியா வெளியே போகும்."

ரிட்டர்னை எல்லாம் எடுத்துவிட்டு ரிலே போட்டான். 'இந்த வழியாக யார் யார் அனுப்பலாம்?' என்று அது கேட்டது. வாசலில் தண்ணீர் கேட்கும் லாரிக்காரனிடம் யாராவது பெயரும் ஊரும் கேட்பார்களா? 'எல்லோரும்' என்று போட்டான்.

ஒன்றரை மணிக்கு ஜம்புநாதன் ஓடி வந்தார். அவர் வழுக்கையில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"அரே, நாம எப்பய்யா முடி வளர்ற தைலம் விக்க ஆரம்பிச்சோம்? ஜெர்மனிக்காரன் ரெண்டு பாட்டில் கேக்கறான்!"

"நான் விக்கலை சார்! எவனோ நம்ம வாசல் வழியா பூந்து விக்கறான்!"

பதறிப்போய், 'யாரும் அனுப்ப முடியாது' என்று மாற்றினான். தைலம் நின்றது. ஜம்புநாதனின் மெயிலும் நின்றது.

"என் லெட்டரை என் கம்பெனியே வாங்க மாட்டேங்கறதேய்யா!"

கேஷவைக் கேட்டு, கம்பெனி ஆட்கள் மட்டும் பாஸ்வேர்டோடு போகலாம் என்று சரிசெய்தான். அப்போதும் போகவில்லை.

"அங்கிள், தைலத்தால உங்க பேரு பிளாக் லிஸ்ட்ல ஏறிடுச்சு. ரிலே ஆபீஸ் வெப்சைட்ல மாஃபி லெட்டர், அதான் மன்னிப்பு, எழுதிப் போடுங்க. இங்கிலீஷ்ல."

மணி மூன்றே முக்கால். சின்னதுரையிடம் இருந்த இங்கிலீஷ் எல்லாம் பெட்டிமேல் படித்தது. வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான்: 'ஐயா, கவனமாகக் கையாளவும். உடையக் கூடியது. தலைகீழாக வைக்காதே. ஈரம் படக் கூடாது. இப்படிக்கு, சின்னதுரை.'

அனுப்பிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தான். நாளைக்கு எந்த லாரி, எத்தனை டன் என்று மனசு கணக்குப் போட்டது. கண்ணில் நீர் கட்டியது.

நாலு நாற்பதுக்குப் போன் அடித்தது.

"அங்கிள், உங்க லெட்டர் படிச்சு அவங்க ஆபீஸே சிரிச்சுது. பிளாக்கை எடுத்துட்டாங்க!"

சின்னதுரை நிமிர்ந்தான். தேங்கிக் கிடந்த ஜம்புநாதனின் கடிதத்தை அவிழ்த்துவிட்டான். உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. அடுத்தவன் சரக்கைப் பிரித்துப் பார்த்த கை அல்ல அது. பத்து போயிற்று, முப்பது போயிற்று, நாலு ஐம்பத்தேழுக்கு அறுபத்திரண்டும் போய்ச் சேர்ந்தன.

"ஷாபாஷ்!" என்று முதுகில் தட்டிவிட்டு ஜம்புநாதன் அவசரமாகக் காரில் ஏறினார். வலித்த இடத்திலேயே தட்டினார். ஆனாலும் சுகமாக இருந்தது. சின்னதுரை அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஷெட்டில் மெஷின் ஒவ்வொன்றாக நின்றது. பேக்கிங் சாந்தகுமாரி போனைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"வந்துச்சாம்மா லெட்டர்?" என்றான் பெருமையோடு.

"வந்துருச்சுண்ணே. அஞ்சு மணிக்குள்ள இது நம்ம கைக்கு வரலைன்னா காண்ட்ராக்ட் தானா இன்னும் மூணு வருசம் நீண்டிருக்குமாம். இப்ப நாளையிலேருந்து அறுபத்திரண்டு பேரும் வர வேணாமாம், மொதப் பேரு உங்களுதுதாண்ணே."