ஆவி அண்ணாச்சி ‘இங்கே ஆவி இல்லை’ என்று சொன்ன நாள்

கொல்கத்தாவில் உயிரோடு இருப்பவர்களைவிட இறந்துபோனவர்களிடம் அதிகப் பழக்கம் வைத்திருந்த ஒரே தமிழர் ஆவி அண்ணாச்சிதான். டாலிகஞ்ச் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். மாற்றலாகி வந்த புதிதில், இட்லிப் பானையிலிருந்து கிளம்பும் ஆவியால் வந்த பெயர் என்றுதான் நானும் அப்பாவியாக நம்பினேன்.

முதல் நாள் மூலை பெஞ்சில் உட்காரப் போனேன்.

“அங்க வேண்டாம் வே. ஆள் இருக்காவ.”

பெஞ்சு காலி.

“பக்கத்துல ஸ்டூடியோ இருக்குல்லா? அந்தக் காலத்து நடிகை. பவுடர் வாசம் அடிக்கலையா?”

அடித்தது. அதுதான் கஷ்டம். நின்றபடியே இட்லியை விழுங்கிவிட்டுத் திரும்பினால், பெஞ்சுக்கு முன்னால் நிறைந்திருந்த தம்ளரில் தண்ணீர் பாதியாகியிருந்தது. ஃபேன் காற்றில் வற்றியிருக்கும் என்று வீடு வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறினால், “கொஞ்சம் தள்ளுங்க, இவரும் வாராரு” என்று வெற்றிடத்தைக் காட்டி வங்காள மொழியில் சொல்வார். மற்றவர்கள் அடுத்த முக்கிலேயே இறங்கிவிடுவார்கள். அண்ணாச்சி காலை நீட்டிக்கொண்டு பயணம் செய்வார்.

எங்கள் மாடியில் வரதன் குடியிருந்தான். என் ஆபீஸ்தான். தங்கமான பையன், ஆனால் பல வருடங்களாகத் தினமும் குடி. கடைசியில் பாட்டில் இல்லாமல் காலையில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத நிலை. ஒருநாள் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து, அன்றோடு நிறுத்தினான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். மனைவி மாலதி கேசரி கிளறி வீடு வீடாகக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கால்பைசாகி அடித்தது. இந்த ஊர்க் கோடைப்புயல் அது. வெளிச்சம் இருக்கவேண்டிய நேரத்தில் வானம் கரிப்பானையானது, கரண்ட் போனது. மாடியிலிருந்து மாலதி கத்தினாள். ஓடினேன்.

வரதன் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத எறும்புகளைப் போர்வையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்து, அடங்கின குரலில் சொன்னான்: “சார், அந்தக் குழந்தையை உள்ள கூப்பிடுங்க. எவ்வளவு நேரமா நனைஞ்சுட்டு நிக்குது.”

நான் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் இல்லை.

கீழ்வீட்டுக் காகிமா, எல்லோருக்கும் சித்தி முறையான வங்காளி அம்மாள், வாசலிலேயே நின்று, “பூத்! ஓஜாவைக் கூட்டிட்டு வாங்க!” என்றார். பேய், பேயோட்டியைக் கூப்பிடு என்று அர்த்தம். மாலதி அழுதுகொண்டே, “நம்ம அண்ணாச்சியைக் கூப்பிடுங்களேன், அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்றாள்.

மழையில் தொப்பலாக வந்தார் அண்ணாச்சி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காலி மூலைகளுக்கு ஒரு வணக்கம் வைக்கிறவர், அன்று எந்த மூலையையும் பார்க்கவில்லை. நேராகப் போய் வரதனின் கையைப் பிடித்தார். அந்தக் கை உதறிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வேர்வை.

“எப்பம்மா நிறுத்துனாரு?”

“முந்தாநாள். ஒரு சொட்டுக்கூடத் தொடலை, அண்ணாச்சி!”

“அதான் வெனை. வருசக்கணக்கா ஊறுன ஒடம்பு, ஒரே அடியா நிறுத்துனா இப்படித்தான் ஆடும். டாக்டரு பாத்து, மருந்து குடுத்து நிறுத்தணும். ஆட்டோவக் கூப்பிடும் வே, ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“ஒருவேளை ஆவியா இருந்தா?” என்றேன்.

அண்ணாச்சி என்னை முறைத்தார். “டாலிகஞ்சுல எனக்குத் தெரியாத ஆவியா வே? இங்க ஒருத்தரும் இல்ல. கெளம்பும்!”

வரதனின் மகளைக் காகிமாவிடம் விட்டுவிட்டு மாலதியையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம். ஆட்டோக்காரன் அண்ணாச்சியைப் பார்த்ததும் வெலவெலத்து, “இன்னைக்கு எத்தனை பேர், அண்ணா?” என்று கேட்டான்.

“நாலு பேருதான். எல்லாரும் உசுரோட இருக்கோம். வெரசாப் போ!”

முழங்கால் தண்ணீரில் ஆட்டோ திணறியது. அந்தக் குழந்தையும் கூடவே வருவதாக வரதன் வழியெல்லாம் சொன்னான். அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார் அண்ணாச்சி. “ஒருத்தரும் இல்ல தம்பி. நான் இருக்கேன், என்னையப் பாரு. என்னைய மட்டும் பாரு.”

இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சில நாளில் எறும்புகளும் குழந்தையும் போய்விட, வரதன் மிஞ்சினான். அதன்பிறகு முறையான சிகிச்சை, வாரந்தோறும் குடியை விட்டவர்களின் கூட்டம். நடுவில் ஒருமுறை சறுக்கினான். அண்ணாச்சி திட்டவில்லை. திரும்பவும் டாக்டரிடம் கூட்டிப்போனார். இப்போது காலையில் பொத்தானெல்லாம் அவனே போட்டுக்கொள்கிறான்.

பின்னொரு நாள், கடையில் கூட்டமில்லாத மத்தியானம் கேட்டேன். “அண்ணாச்சி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“என் தம்பியும் இப்படித்தான் வே, கோயில்ல சத்தியம் பண்ணி நிறுத்துனான். யார்யாரோ நிக்கிறாவன்னு சொன்னான். பேய்னு நெனச்சு வேப்பிலை அடிச்சோம், கயிறு கட்டுனோம். ஆஸ்பத்திரின்னு ஒருத்தருக்கும் தோணல. போயிட்டான்.”

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“நான் பேசுததெல்லாம் அவன்கிட்ட மட்டுந்தான். நடிகை, அவுக, இவுகன்னு சொல்லுததெல்லாம் சும்மா. ஒத்தையில தம்பிகிட்டப் பேசுனா பைத்தியம்னு சொல்லுவாவல்லா?”

ஆபீஸ் முழுக்க அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தவன் நான். தம்பியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். எப்படி இருப்பான் என்று கேட்டேன். துணியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவன் ஆற்றில் விழுந்தது, வாத்தியாரின் சைக்கிளை ஒளித்துவைத்தது, அண்ணாச்சியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைச் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு ஓடியது என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை.