நாற்பதுக்கு முப்பத்தொன்று

நான் பிடிவாதக்காரன் இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயார். கேட்பவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் ரங்கூனில் அலோன் என்ற பேட்டையில் ஒரு நெல் ஆலைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், இளம் வயதில் ஒரு நாள் சாயங்காலம் நான் செய்த காரியத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. பார்க்காதவர்களும் நம்புவதில்லை. அவர்களிடம் என் மனைவி செல்லம் எல்லாவற்றையும் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள்.

அவள் சொல்லும் கதையில் பிழைகள் இருக்கின்றன. ஆகையால் நானே எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் அந்த ஆலையில் ஸ்டோர் குமாஸ்தா. பெல்ட், எண்ணெய், திருகாணி எது வேண்டுமானாலும் என்னிடம் சீட்டு நீட்டித்தான் வாங்கிப் போக வேண்டும். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கத் தேவையில்லாத வேலை. நானும் எழுந்திருப்பதில்லை. கப்பலில் வந்து இறங்கிய மூன்று வருஷத்தில் என் இடுப்பு கண்ட முன்னேற்றத்தை உத்தியோகத்தில் நான் காணவில்லை.

அந்தச் சமயத்தில் ஆலைக்குப் புதிதாக ஒரு இன்ஜினீயர் வந்தார். ஆஸ்திரேலியாக்காரர். அவர் ஊர்க் கால்பந்தில் பந்து உருண்டையாக இருக்காதாம், முட்டை மாதிரி நீண்டிருக்குமாம். அதைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்குத் தள்ளலாம், எதிரியின் தோள்மேல் ஏறி ஆகாயத்திலிருந்தும் பறிக்கலாம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மைதானமும் முட்டை வடிவம். அவருக்கு நாங்கள் முட்டைப்பந்து துரை என்று பெயர் வைத்தோம் (அவருடைய சொந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை). ஆற்றோரமாகக் கொஞ்சம் தள்ளியிருந்த இன்னொரு ஆலையில் அவர் நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ஆளுக்கொரு குழு சேர்த்து மழைக்காலம் முழுவதும் மோதிப் பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆலையில் முப்பது பேர் பெயர் கொடுத்தோம். துரை பந்தைக் கண்ணில் காட்டவில்லை. மழைக்கு முன்னால் எல்லோரும் ஓடிக் காட்ட வேண்டும், கடிகாரம் வைத்து நேரம் பார்ப்பேன், அதில் தேறும் பதினெட்டுப் பேர்தான் குழு, மூச்சு இல்லாதவனுக்கு என் ஆட்டத்தில் இடமில்லை என்று அறிவித்துவிட்டார். தேறியவர்களுக்குக் கையில்லாத ஒரு பனியன் உண்டு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது.

அந்தப் பனியன் எனக்கு வேண்டும். முட்டைப்பந்தின்மேல் ஆசை வந்து அல்ல, செல்லத்தின் அண்ணன் சுப்பையாவினால். அவன் ஆலையில் ஃபிட்டர், என் வயதுக்காரன், நாள் முழுவதும் ஏணியில் ஏறி இறங்குகிறவன். நான் பெயர் கொடுத்த அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, "மாப்ள, இது ஸ்டூல்ல உக்காந்து வெளையாடுற ஆட்டம் இல்ல" என்றான். அதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் செல்லம் சிரித்துவிட்டாள். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பதினெட்டில் ஒருவனாகி, அந்த நீலப் பனியனோடு அவள் முன்னால் போய் நிற்காவிட்டால் நான் மனிதனே இல்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். செல்லம் ரங்கூனிலேயே பிறந்தவள். பர்மிய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமான புதிதில் எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணவாவது சொல்லித்தருகிறேன் என்று வந்தாள். மூன்று வருஷமாகக் கடைத்தெருவில் பர்மிய மொழி பேசி வாழ்கிறவனுக்கு நீ என்ன சொல்லித்தருவது என்று அனுப்பிவிட்டேன். நான் பேசிய பர்மிய மொழி மொத்தமும் ஒரே கேள்விதான்: "பெலாவ் லே?" எவ்வளவு என்று அர்த்தம். பொருளைத் தொட்டுக்காட்டி இதைக் கேட்டால் கடைக்காரர்கள் விரலை நீட்டி விலை சொல்லிவிடுவார்கள். எண்களைக் கற்கும் அவசியமே எனக்கு ஏற்படவில்லை. அப்படிக் கேட்டுத்தான் லத்தா கடைத்தெருவில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கினேன். ஒரு சைஸ் பெரியது. (கேள்வி அதற்கு மேல் போகவில்லை.)

ஓட்டத்துக்குக் குறித்த நாள், திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து, மழை இன்று வரும் நாளை வரும் என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஒன்று. சாயங்காலம் நாலரை மணிக்கும் தரை சுட்டது. ஷூவுக்குள் துணி அடைத்துக்கொண்டு நான் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது துரை எல்லா விவரமும் சொல்லி முடித்து, கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். இருபத்தொன்பது பேரும் கோட்டில் நின்றார்கள்.

ஓரத்தில் ஒரு கரும்பலகையும் சாக்குக் கட்டியுமாகக் கோ பா தெய்ன் இருந்தார். ஆலை வாசலில் ஆட்கள் வரும் நேரம் குறிப்பவர். பர்மாக்காரர், தங்கமான மனிதர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அவரிடம் தமிழிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் சுப்பையா நின்றான். ஆகவே எல்லோர் காதிலும் விழும்படி பர்மிய மொழியில் கேட்டேன்.

"பெலாவ் லே?"

பா தெய்னுக்கு ஒரே சந்தோஷம். முகம் மலர்ந்து, "நபத், கோ சாமி, நபத்" என்றார். (சாமி என் பெயர், கோ என்பது பர்மாவில் அண்ணன் என்கிற மாதிரி பெயருக்கு முன்னால் போடும் மரியாதை.)

என் காதில் விழுந்தது நாப்பத். அவர் தமிழ் பேசும்போது எந்தச் சொல்லுக்கும் வாலை விழுங்கிவிடுவார். நாப்பதைத்தான் சொல்கிறார் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் வரவில்லை. ஒரு சுற்று நானூறு கஜமாவது இருக்கும். நாற்பது சுற்று என்றால் ஒன்பது மைல். முட்டையை வைத்துப் பந்தாடுகிற தேசத்தில் இதுவும் கேட்பார்கள், இதற்கு மேலும் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விசில் ஊதியதும் இருபத்தொன்பது பேரும் நாய் துரத்துகிற மாதிரி பாய்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது மைலை இப்படியா ஆரம்பிப்பது? நான் கோயிலில் பிரதட்சிணம் செய்கிறவனைப் போல நிதானமாகப் புறப்பட்டேன். துரை என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் நிதானத்தை மெச்சுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று முடிவதற்குள் முன்னால் போனவர்கள் அத்தனை பேரும் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார்கள். சுப்பையா மல்லாந்து படுத்து வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. "எந்திரி மச்சான், இன்னும் முப்பத்தெட்டு இருக்கு" என்று அன்போடு சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன்.

துரை பின்னாலிருந்து நில், நில் என்று கத்தியது கேட்டது. கேட்கத்தான் செய்தது. மன உறுதியைச் சோதிக்கிறார், நின்றவனைக் கழித்துவிடுவார் என்று நினைத்து வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். (என் புத்திசாலித்தனத்தை நானே வியந்த கடைசிச் சந்தர்ப்பம் அது.) நான்காவது சுற்றில் மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஐந்தாவதில் யாரோ ஒரு வாளித் தண்ணீரை என்மேல் ஊற்றினார்கள். திருவிழாவின் மிச்சம் போலும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது சுற்றில் செல்லம் வந்தாள். ஆலைக் குடியிருப்புப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கிருந்து குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள். கோட்டின் ஓரமாக என்கூடவே ஓடிக்கொண்டு, பிறர் காதில் விழாமல் சொன்னாள்.

"ஏங்க, ரெண்டு சுத்துதாங்க. அது நம்ம நாப்பது இல்ல. ந-ன்னா ரெண்டு, பத்-ன்னா சுத்து. எல்லாரும் முடிச்சாச்சு. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. முப்பது பேரில் நான் முப்பதாவது. நீலப் பனியன் போயிற்று. மச்சானிடம் முப்பத்தெட்டு பாக்கி என்று சொன்னதற்கு மைதானம் ஏன் சிரித்தது என்பதும் தெரிந்தது. அவமானத்தில் காது மடல் கொதித்தது. அழுகை வந்தது என்றுகூட எழுதலாம். வியர்வையோடு சேர்ந்து போய்விட்டதால் சாட்சி கிடையாது. அப்படியே நின்று, தலையைக் குனிந்து அவள் பின்னால் போயிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா ஏன் ஓடுறீங்க?"

"அவங்க ரெண்டு ஓடினாங்க. நான் நாப்பது ஓடுறேன்."

செல்லம் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த சுற்றில் வந்து பார்த்தால், பா தெய்ன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாக்குக் கட்டி அவள் கையில் இருந்தது. சுப்பையா ஏதோ கேலி பேசியிருக்கிறான். "நீ ரெண்டோட படுத்துட்டல்ல, சும்மா கெட" என்று அவள் சொன்னதைப் பின்னால் பா தெய்ன் எனக்குச் சொன்னார். நான் பலகையைத் தாண்டும்போதெல்லாம் அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கோடு இழுத்தாள்.

பத்துக்கு மேல் ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. நடக்கிறவர்கள் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். இருபதாவது சுற்றில் துரை கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதி, வேலை முடிந்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்து மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். தமிழ், தெலுங்கு, பர்மியம், இந்துஸ்தானி எல்லாவற்றிலும் என்னைப் பற்றிப் பேசினார்கள். எது பாராட்டு, எது ஏச்சு என்று தெரியாத மொழிகளை நான் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். இடுப்பு வலித்தது, தொடை வலித்தது, பல்கூட வலித்தது. நிற்கவில்லை. நிற்கச் சொன்னவர்களை முறைத்துக்கொண்டே போனேன்.

முப்பத்தொன்று முடியும் இடத்தில் இடது ஷூவின் அடி கழன்று முன்னால் தொங்கியது. அதை நானே மிதித்தேன். மைதான ஓரத்தில் ஆலையிலிருந்து கொட்டிய உமி மலையாகக் குவிந்திருக்கும். தலை குப்புற அதற்குள் போனேன். இரண்டு பேர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உடம்பு முழுக்க உமி ஒட்டியிருந்தது. அப்போதும், இன்னும் ஒன்பது இருக்கிறது, விடுங்கள் என்றுதான் சொன்னேன். விட்டார்கள். நிற்க முயன்றேன், உட்கார்ந்தேன்.

அரிசி மூட்டை தள்ளுகிற கைவண்டியில் என்னை ஏற்றி, சுப்பையாதான் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். வழியெல்லாம் ஆட்கள். செல்லம் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். சிரிக்கவில்லை. இறங்கும்போது, நான் விழுந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம், அதனால் முப்பத்திரண்டு என்று அவளிடம் சொன்னேன். முப்பத்தொன்றுதான் என்றாள். அந்தத் தகராறு இன்றுவரை தீரவில்லை.

மூன்று நாள் நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்காவது நாள் பா தெய்ன் பட்டியலோடு வந்தார். பதினெட்டில் என் பெயர் இல்லை. ஆனால் துரை ஒரு சேதி அனுப்பியிருந்தார். "கோ சாமி, துரை சொல்றாரு. ஒன் காலு வேகம் இல்ல. ஆனா நிக்காது. கோட்டுல ஓடு."

அந்த ஆட்டத்தில் எல்லைக்கோட்டு நடுவர் என்று ஒருவர் உண்டு. ஆட்டம் முடியும்வரை மைதானத்தின் ஓரமாகவே பந்தோடு ஓட வேண்டும். பந்து வெளியே போனால் எடுத்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலாகப் பின்பக்கம் உள்ளே எறிய வேண்டும். நீலப் பனியன் கிடையாது. முழுக்கை வெள்ளைச் சட்டை. முடியாது என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். செல்லம் பா தெய்ன் கொண்டுவந்த சட்டையை வாங்கி மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

முதல் போட்டியில் நல்ல மழை. பாதிக்கு மேல் சுப்பையா சேற்றில் படுத்துக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். "மச்சான், இது ஸ்டூல்ல உக்காந்து வெளையாடுற ஆட்டம் இல்ல" என்று சொல்ல மறக்கவில்லை. இரண்டு மழைக்காலம் அந்தக் கோட்டில் ஓடினேன். பதினெட்டுப் பேரில் ஒருவன்கூட என் அளவுக்கு ஓடியதில்லை. இதை மறுப்பவர்கள் என்னிடம் வரலாம்.

மானம் மட்டும் திரும்பவில்லை. அலோனில் எனக்கு நாப்பது மாமா என்ற பெயர் நிலைத்துவிட்டது. பா தெய்ன் அன்றிலிருந்து என்னிடம் எந்த எண்ணைச் சொன்னாலும் விரலையும் நீட்டிக் காட்டுவார். வீட்டில், இரண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்று நான் கிளம்பினால், பர்மா ரெண்டா, உங்க ரெண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

போன மாதம் எங்கள் கல்யாணத்துக்கு நாற்பது வருஷம் முடிந்தது. காலையில் மீன்குழம்பில் அரிசிச் சேமியா போட்ட மொகிங்கா செய்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருந்தோம். பா தெய்னும் வந்தார். (வயதாகிவிட்டதால் இப்போது அவர் ஊ பா தெய்ன்.) சும்மா இருக்க முடியாமல் நான் எழுந்து, நாற்பது ஓடுவேன் என்று அன்றைக்குச் சொன்னேன், பார்த்தீர்களா, ஓடி முடித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் பெருமையடித்துக்கொண்டேன்.

செல்லம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நீங்க முப்பத்தொண்ணுல விழுந்துட்டீங்க. ரெண்டோட நிக்கலாம்னு சொல்றதுக்கு ஒங்களுக்காவது நான் ஓடி வந்தேன். எனக்கு யாரும் வரல. நாப்பதையும் ஓடி முடிச்சது நான்தான்."

இந்தக் கணக்கை மட்டும் நான் மறுக்கவில்லை.