சம்பந்தி கேட்ட விளையாட்டுப் பெட்டி

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, கடை, கிடங்கு எல்லோரும் நலம். என் மானம் மட்டும் பத்து நாளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலிக்குப் புது டாக்டர் கொடுத்த மருந்து கேட்கிறதா? கேட்காவிட்டாலும் அவரை மாற்றாதீர்கள். அடுத்து வருகிறவர் மறுபடி முதலிலிருந்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என்றால் நான் உங்களைப் பேச விடமாட்டேன், அது உங்களுக்கே தெரியும். பேசிப் பேசி, கடைசியில் தப்பு உங்கள் பேரில்தான் என்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். முப்பத்தொரு வருஷமாகக் குழாயும் வால்வும் மொத்த வியாபாரம் செய்து வந்த பழக்கம். காகிதத்தில் எழுதும்போது அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் அடங்கி இருக்கிறது. அதனால் கடை லெட்டர்பேடில் எழுதுகிறேன். மேலே அச்சடித்திருக்கும் 'நம்பிக்கையே எங்கள் முதலீடு' என்ற வரியைத் தயவுசெய்து படிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் போனில் ஒரு படத்தைக் காட்டினீர்கள். நீங்கள் நில அளவைத் துறையில் வேலை பார்த்த காலத்தில், ஆபீஸ் விட்டு வந்ததும் டிவியில் மாட்டி விளையாடிய அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை, அதே கம்பெனிக்காரன் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, முப்பது ஆட்டத்தையும் உள்ளேயே அடைத்து, மறுபடி விற்கப் போகிறான் என்றீர்கள். "என்னமோ, பார்த்தேன், அவ்வளவுதான்" என்று வெட்கப்பட்டு போனை உள்ளே வைத்துக்கொண்டீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "சம்பந்தி, இது ஒரு விஷயமா? நான் ஒரு போன் போட்டா உங்க வாசல்ல வந்து நிக்கும்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். என் மகள் அப்போதே மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். உப்பு வேண்டுமாக்கும் என்று நினைத்து உப்பை நகர்த்தி வைத்தேன்.

வெளியீட்டு நாள் காலை பத்து மணிக்கு இணையத்தில் விற்பனை. கடைக் கம்ப்யூட்டர் முன்னால் கணக்கு எழுதும் அம்மாளை உட்காரவைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்தேன். பெட்டியின் படம் வந்தது. கீழே சிவப்பு எழுத்தில் 'மூன்று மட்டுமே மீதம்' என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது சம்பந்தி. கிடங்கில் நானூறு வால்வை அடுக்கி வைத்துக்கொண்டு "இதாங்க கடைசி பீஸ், இன்னொருத்தருக்கு எடுத்து வச்சது, உங்களுக்காகத் தர்றேன்" என்று வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறவன் நான். என்னிடமே அந்த வித்தையா? "கூடையில போட்டு வச்சுட்டுச் சும்மா இரும்மா, அவனே இறங்கி வருவான்" என்றேன்.

"முதலாளி, இதுல எதிர்ல யாரும் இல்ல."

"எல்லா வியாபாரத்துலயும் எதிர்ல ஒருத்தன் இருப்பான்மா. அவன் இப்ப நம்மளையேதான் பார்த்துட்டு இருக்கான். முகத்துல ஆசையக் காட்டாத."

பாவம், அந்த அம்மாள் நான் சொன்னதற்காக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பதினோரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அவன் இறங்கி வரவில்லை. பெட்டிதான் போய்விட்டது. 'தீர்ந்துவிட்டது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வார்த்தை. 'உதவி தேவையா?' என்று மூலையில் ஒரு கட்டம் வந்ததே என்று அதில் ஆளைப் பிடித்து, கடைசி விலை என்ன, நான் பழைய வியாபாரி, நாலு காசு பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று முக்கால் மணி நேரம் மரியாதையாகப் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் 'உங்கள் கேள்வி புரியவில்லை, வேறு விதமாகக் கேட்கவும்' என்றான். நானும் வேறு வேறு விதமாகக் கேட்டேன். அது மிஷின் என்று கணக்கு அம்மாளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். "நீங்க சந்தோஷமா பேசிட்டிருந்தீங்க, அதான் கெடுக்க வேணாம்னு" என்கிறார்.

சரி, மறுநாள் நேரிலேயே போவோம் என்று அந்தப் பெரிய மின்சாதனக் கடைக்குப் போனேன். கடை திறக்கும் முன்பே வரிசை. எல்லாம் என்னில் பாதி வயது. எனக்கு முன்னால் நின்ற பெண் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். என் முறையும் வந்தது. மேனேஜர் பெட்டியை எடுத்து என் கையிலேயே வைத்தார். கேளுங்கள் சம்பந்தி, என் கையில்! கனமே இல்லை, ஒரு சோப்பு டப்பா மாதிரி. நான் விலையைக் கேட்டேன், சொன்னார். எவ்வளவு குறைப்பீர்கள் என்றேன். "அச்சடிச்ச விலைதான் சார், குறைக்க முடியாது" என்றார். உடனே நான் என்ன செய்தேன்? எந்த வியாபாரியும் செய்வதைத்தான் செய்தேன். "அப்ப வேணாம்" என்று பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மூன்று அடி வைத்தேன். என் கணக்கில் மூன்றாவது அடிக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. புது ஆள், தொழில் தெரியாது என்று நான்காவது அடியை மெதுவாக வைத்தேன். ஐந்தாவது அடியில் செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிந்தும் பார்த்தேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் என் பெட்டியோடு அடுத்தவர் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றேன். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று பதற்றம். அந்தப் பதற்றத்தில் புத்தி தனக்குப் பழகிய வழியிலேயே ஓடிவிட்டது. மேனேஜர் பக்கத்தில் போனதும், "உள்ள மொத்தம் எத்தனை இருக்கு? அத்தனையும் நானே எடுத்துக்கிறேன், மொத்த விலை சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன்.  வரிசையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"இவரு பிளாக்குல விக்கிற ஆளு!"

"காலையிலயே ஒரு தடவை வந்து வேவு பார்த்துட்டுப் போனாரு, நான் பார்த்தேன்."

"ஐயா, எனக்கு ஒண்ணு போதும். என் சம்பந்திக்காகத்தான்" என்றேன்.

"சம்பந்திக்கா? அவருக்கு என்ன வயசு?"

"அறுபத்து நாலு."

அந்த ஒரு உண்மையைச் சொன்னதும்தான் காவலாளி வந்து என் முழங்கையைப் பிடித்தார். அறுபத்து நாலு வயசுக்காரர் வீடியோ கேம் கேட்டார் என்று கோர்ட்டில் சொன்னால்கூட எடுபடாது போலிருக்கிறது. போட்டோவும் எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். என் கல்லாவுக்குப் பின்னாலும் கடன் சொல்லி ஓடிப்போனவர்கள் மூன்று பேர் படம் ஒட்டியிருக்கிறேன். அவர்களை நினைத்து முதல் தடவையாக மனசு இளகியது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன், "பெரியவரே, பெட்டி வேணுமா?" என்று பையைத் திறந்து காட்டினான். உள்ளே மூன்று. விலை இரண்டு மடங்குக்கு மேல். "ஏன்டா, இப்பதானே உள்ள போய் வாங்கினே?" என்றேன். "ஆமா, நீங்க அஞ்சு அடி நடந்தீங்கள்ல, அப்ப வாங்கினதுதான் இது" என்றான். வயிறு எரிந்தது. ஆனாலும் சம்பந்தி, வெளிப்படையாகச் சொல்கிறேன், அவன் நல்ல வியாபாரி. என்னைப் பார்த்ததுமே நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று கண்டுபிடித்திருக்கிறான். கடையில் விற்பனைக்கு வருகிறாயா என்று கேட்டேன். சம்பளத்தைக் கேட்டுவிட்டு, திரும்பி மூன்று அடி நடந்தான். நான் கூப்பிடவில்லை. அவனும் நிற்கவில்லை.

கடைசி வழியாக எலெக்ட்ரிக் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் என் நண்பன் பல்புக்குப் போன் போட்டேன். அவன் தலையைப் பார்த்தால் ஏன் பல்பு என்று உங்களுக்கே தெரியும். "உனக்கில்லாததா?" என்று திங்கட்கிழமை ஒரு பெட்டி அனுப்பினான். அட்டையில் அறுநூறு ஆட்டம் என்று போட்டிருந்தது. முப்பது கேட்டவருக்கு அறுநூறாகக் கொடுக்கிறோமே என்று பூரித்துப்போய்க் கடை டிவியில் மாட்டினேன். அறுநூறும் ஒரே ஆட்டம், சம்பந்தி. ஓடுகிறவனின் சட்டை நிறம் மட்டும் மாறுகிறது. நூற்றுப் பன்னிரண்டாவது சட்டை வரைக்கும் பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கினேன். பல்பைக் கேட்டால், "இதே விலைக்கு இவ்வளவு சட்டை எவன் தருவான்?" என்கிறான்.

நேற்று மகள் போன் செய்தாள். நீங்கள் டேப்பை வைத்து டிவிக்குக் கீழே நீளம், அகலம், உயரம் அளந்து, அங்கிருந்த பொம்மைகளை எல்லாம் எடுத்துவிட்டு, துடைத்து வைத்திருக்கிறீர்களாம். "அவர் என்கிட்ட கேக்கச் சொன்னாராம்மா?" என்றேன். "கேக்கலப்பா. ஒரு வார்த்தை கேக்கல. தினம் தூசி மட்டும் தட்டுறார். கேட்டாக்கூடத் தேவலை" என்றாள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சரக்கு வராமல் போகும், லாரி கவிழும், விலை ஏறும், எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் தருகிறேன் என்று சொல்லித் தராமல் இருந்ததில்லை. அதுவும் என் பெண் வாழப்போன வீட்டில். அவள் கொண்டுபோன பாத்திரம் பண்டம் எல்லாம் பழசாகிவிடும், அப்பன் சொன்ன சொல்தான் அந்த வீட்டில் அவளோடு கூட இருக்கும் என்று நினைக்கிறவன் நான். அந்தச் சொல் இப்போது டிவிக்குக் கீழே வெற்றிடமாக இருக்கிறது.

ஆகவே, எழுத்து மூலமாகவே ஒப்புக்கொள்கிறேன். என்னால் முடியவில்லை. சாமர்த்தியம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் முதல் நாளே, முதல் நிமிஷமே வாங்கியிருப்பேன். என்னை மன்னித்துவிடுங்கள். என் மகளிடம் இதற்காக முகம் காட்ட மாட்டீர்கள் என்று தெரியும். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், குழாய் ஒழுகாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே உள்ளதைக் காலையில் எழுதிவிட்டு, உறையில் போட மத்தியானம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு மேசையில் பெட்டி இருக்கிறது! அசல். என் வீட்டுக்காரி இஸ்திரிப் பெட்டி வாங்க அதே கடைக்குப் போனாளாம். கவுன்ட்டரில் ஆறு பெட்டி அடுக்கி இருந்ததாம். ஒன்றை எடுத்து, கேட்ட விலையைக் கொடுத்து, நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாளாம். "எவ்வளவு குறைச்சான்?" என்றேன். "அங்க உங்க போட்டோவக் காட்டி, இவரைத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். அதுக்கு மேல என்ன குறையணும்?" என்றாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக வேறொரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. எந்தச் சரக்கையும் ஓடவிட்டுப் பார்க்காமல் நான் கைமாற்றுவதில்லை. ஐந்து நிமிஷம் சோதிப்போம் என்றுதான் மாட்டினோம். இப்போது மணி ஐந்தரை. கடைக்குப் போகவில்லை. ஒரு ஆட்டத்தில் குடை பிடித்த தவளை ஒன்று வருகிறது, அது ஏழு கிணற்றைத் தாண்டிவிட்டது, எட்டாவதில் விழுந்துகொண்டே இருக்கிறது. உங்கள் பெட்டி கைக்கு வந்துவிட்டது சம்பந்தி, கொடுக்கத்தான் மனசு வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சம்பந்தி அம்மாளையும் அழைத்துக்கொண்டு வந்து நாலு நாள் தங்குங்கள். அந்த எட்டாவது கிணற்றை முப்பது வயசிலேயே தாண்டியவர் நீங்கள் என்று மகள் போனில் சொல்கிறாள். சொல்லிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துப் போங்கள். எடுத்துப் போக முடிந்தால். என் வீட்டுக்காரி இப்போதுதான் விழுந்தாள், இனி என் முறை. பேனாவை வைக்கிறேன்.