சந்தவாசலில் அம்மன் இறங்கிய வெள்ளிக்கிழமை

நான் பிறவி நடிகன். இதை உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். இரண்டாவதாகக் கண்டுபிடிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

ஜவ்வாது மலை மேலே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கீழே இறங்கி, காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்து, திரும்ப ஏறி வந்து வீட்டில் படுத்தவன் நான். அப்பா காலையில் சாமைக் கொல்லைக்குப் போகும்போது வலது பக்கம் படுத்திருப்பேன். சாயங்காலம் வரும்போது இடது பக்கம். (திரும்பிப் படுப்பதும் உழைப்புதான் பாஸ். யாருக்கும் புரியாது.) அப்பாவுக்கு ஒரே யோசனை, ஓசூரில் பெரியப்பா பையன் இருக்கிற கம்பெனியில் என்னைத் தள்ளிவிடுவது. எனக்கும் ஒரே யோசனை, நடிப்பு.

"நடிக்கப் போறேன் நடிக்கப் போறேன்ற. இதுவரைக்கும் எங்கடா நடிச்ச?"

"சான்ஸ் கெடச்சாதானப்பா நடிக்க முடியும்."

"புளி மூட்ட தூக்கறதுக்குக்கூட சான்ஸ் கீது. தூக்குறியா?"

அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. மலை அடிவாரத்தில் சந்தவாசல் பசங்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை பாட்டாலேயே ஓடுகிற நாடகம். மலையிலிருந்து அம்மன் இறங்கி வந்து ஊரைக் காப்பாற்றுகிற கதை. நடத்துபவர் மோகன் அண்ணன், ஃபிளக்ஸ் கடை வைத்திருப்பவர். அம்மன் வேஷத்துக்கு ஆடிஷன் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி வரை. ஆணோ பெண்ணோ, பாடத் தெரிந்தால் போதும்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்து இரண்டு தரம் படித்தார்.

"சரி. இந்த வேஷம் உனுக்குக் கெடச்சா, ஒரு வருசம் உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன். கெடைக்கலன்னா திங்கக்கெழம ஓசூர் பஸ் ஏறணும். இன்னா சொல்ற?"

"டீல்" என்றேன். அம்மா சாட்சி.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாத நாட்களில் நான் நன்றாகவே இருந்திருக்கிறேன்.) மற்ற எல்லாரும் பேண்ட் சட்டையில் போவார்கள். நான் மட்டும் அம்மனாகவே போய் நின்றால்? மோகன் அண்ணன் பார்ப்பார், மிரளுவார், முடிந்தது கதை.

மீசையை எடுத்தேன். முகம் முழுக்க மஞ்சள். நெற்றியில் எட்டணா அளவு குங்குமம். ஃபிரெண்டின் அக்காவிடம் வாங்கிய சிவப்புப் புடவை. சவுரி முடி, ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், இடுப்பைச் சுற்றி வேப்பிலை, பிளம்பர் பைப்பில் செய்த சூலம். காலுக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. விடிகாலையில் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்து ஒளித்து வைத்திருந்தேன், அதையே மாட்டிக்கொண்டேன். புடவை தரை வரைக்கும் தொங்கியதால் தெரியாது.

பைக்கில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன ஃபிரெண்ட் என்னைப் பார்த்ததும் பைக்கைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனான். "மச்சான், பின்னாடி சாமிய ஒக்கார வெச்சிகினு போனா ஊரு இன்னா சொல்லும்? பஸ்ல போய்டு."

பஸ் ஏறினேன். ஏறியதும் பஸ் முழுக்க எழுந்து நின்றது.

அப்போதுதான் உறைத்தது. ஆடி மாசம். வெள்ளிக்கிழமை.

முன் சீட்டில் இருந்த நாலு பேர் எனக்காக மொத்த சீட்டையும் காலி செய்தார்கள். (காலேஜில் மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கினேன். ஒருத்தன் இடம் விட்டதில்லை.) கண்டக்டரிடம் காசை நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"ஆத்தாவுக்கு இன்னா டிக்கெட்டு? நீ குந்து தாயே."

"அண்ணே, நான் தினேஷ்ணே. நாடகத்துக்குப் போறேன்."

கண்டக்டர் சிரித்தார். பின் சீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, பேர மாத்திச் சொல்லி நம்மள சோதிக்கிறா."

அடுத்த வளைவு வருவதற்குள் கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார். "வேலூர் டிப்போவுக்கு மாத்தல் கேட்டுகிறேன் ஆத்தா. கெடைக்குமா?"

நான் என்ன செய்யட்டும்? "கெடைக்கும்டா" என்றேன். சொன்ன விதம் எனக்கே பிடித்துவிட்டது. அடிவாரம் வருவதற்குள் ஒரு கல்யாணம், ஒரு போர்வெல், ஒரு நர்சிங் சீட் எல்லாம் உறுதி செய்து கொடுத்திருந்தேன். ஒரே கஷ்டம், குரலைக் கீச்சென்று வைத்திருக்க வேண்டும்.

படவேடு தாண்டியதும் ஒரு தெருவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்ததும் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். இறக்கினார்கள். முதலில் தலையோடு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். பிறகு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டு.

"போதுங்க்கா."

"அவ வூட்டுக் கூழ குடிச்ச, என் வூட்டுக் கூழ வாணான்றியே. நான் இன்னா தப்பு பண்ணேன் தாயே?"

அந்த அக்கா கண் கலங்கிவிட்டார். குடித்தேன். அதற்குப் பிறகு பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தேன். எல்லார் கையிலும் சொம்பு.

சந்தவாசலில் இறங்கும்போது மணி இரண்டரை தாண்டியிருந்தது. ஈரப் புடவை, நடுங்குகிற உடம்பு, வயிற்றில் ஒரு தெருவே ஊற்றிய கூழ். ஆடிஷன் நடக்கிற சமுதாயக் கூடம் பக்கத்துத் தெருதான். ஓடலாம் என்று புடவையைத் தூக்கும்போது பம்பைச் சத்தம் கேட்டது. எதிரே ஒரு கூட்டம். என்னைப் பார்த்து அப்படியே சூழ்ந்துகொண்டது. குலவை, கற்பூரம், என் காலடியில் வரிசையாகத் தலைகள்.

ஒவ்வொருவராக ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிக்கொண்டே நகர்ந்தேன். அடுத்து ஒரு துண்டுக்காரர், முகம் தரையைப் பார்த்தபடி.

"சொல்றா மவனே. இன்னாடா கொற உனுக்கு?"

"எனுக்கு ஒரு கொறையும் இல்ல தாயே. ஒரே பையன் கீறான். படிச்சான். படுத்துகினே கீறான். அவனுக்கு நல்ல புத்தி குடு."

மஞ்சளுக்கு அடியில் என் முகம் வெளுத்தது. அது என் அப்பா. சந்தையில் புளி போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றவர்.

பெற்ற அப்பாவை நடுரோட்டில் "சொல்றா மவனே" என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் "தாயே" என்கிறார். மானமுள்ள பிள்ளை அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பான். எனக்கோ திங்கட்கிழமை ஓசூர் பஸ் ஞாபகம் வந்தது. மூன்று மணிக்குள் போய்ச் சேருவேனா என்பதே சந்தேகம். இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

"அவனுக்குப் புத்தி நெறைய கீதுடா" என்றேன் கீச்சுக் குரலில். "அவன ஓசூருக்கு அனுப்பாத. ஒரு வருசம் அவன் இஷ்டத்துக்கு வுடு."

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஓசூருன்றத நான் சொல்லவே இல்லியே ஆத்தா" என்றார்.

"ஊரு பேரக்கூட கரீட்டா சொல்லிட்டா" என்று ஒரு அக்கா குலவை போட்டார்.

அப்பா உருகிப்போய் பாதத்தைத் தொட்டுக் கும்பிட, புடவை ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

அப்படியே நின்றார்.

அங்கே அவருடைய ரப்பர் செருப்பு இருந்தது. வலது கால் வார் அறுந்து, அவரே கம்பி போட்டு முறுக்கிய செருப்பு. காலையிலிருந்து அதைத் தேடி, கிடைக்காமல், அம்மாவின் பூப்போட்ட செருப்பில் சந்தைக்கு வந்திருந்தார் மனுஷன்.

மெதுவாக நிமிர்ந்தார். என் கண்ணைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். (அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.) ஆனால் ஊரே கும்பிடுகிற அம்மனைக் கன்னத்தில் அறைய முடியாது. அறைந்தால் அவர் முழுசாக மலை ஏற மாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அப்பா கை கூப்பினார். சத்தமாகவே சொன்னார்.

"உத்தரவு ஆத்தா. ஒரு வருசம் வுட்டுட்றேன். அவன் நடிக்கட்டும். ஆனா பதிலுக்கு நானும் உன்கிட்ட ஒண்ணு வேண்டிக்கிறேன். அவன் மொட்ட போடுவான். அந்த ஒரு வருசமும் வெடிகாத்தால எழுந்து மாட்டுக்கொட்டாய கூட்டி சாணி அள்ளுவான். ஒத்துக்கிறியா?"

நான் சூலத்தை மட்டும் லேசாக ஆட்டினேன்.

"ஒத்துக்கோ ஆத்தா" என்றது கூட்டம்.

"வாய தொறந்து சொல்லட்டும்" என்றார் அப்பா, கூப்பிய கையை இறக்காமல்.

"ஒத்துக்கிறேன்" என்றேன். குரல் கீச்சென்று வர நான் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கயட்டுடா செருப்ப" என்றார். கழற்றினேன். புடவைக்கு அடியில் கைவிட்டு எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"ஆத்தா அவருக்குப் பிரசாதம் குடுத்துட்டா" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு பேர் அந்தத் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மீதித் தூரம் வெறும் காலில். மதிய வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. துள்ளினேன். பம்பைக்காரர் என் துள்ளலுக்குத் தாளம் பிடித்தார். நான் வேகமாகத் துள்ள, அவர் வேகமாக அடிக்க, "ஆத்தா ஆட்றா, ஆத்தா ஆட்றா" என்று கூட்டம் பின்னால் வர, மூன்று அடிக்கச் சற்று முன்பாக சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

மோகன் அண்ணன் கையில் பேனாவோடு எழுந்து நின்றார். ஓரமாக பேண்ட் சட்டை, சுடிதார் போட்டுக்கொண்டு மற்ற ஆடிஷன்காரர்கள். நினைத்த மாதிரியே மிரண்டார்கள். அது வரைக்கும் பிளான் சரி.

"பேரு?" என்றார்.

"தினேஷ்ணே."

"பாடு."

நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட கும்மிப் பாட்டு. முதல் வரியை உண்மையிலேயே நன்றாகப் பாடினேன்.

*மல எறங்கி வாரேண்டி, மஞ்சத் தண்ணி கொண்டாடி,*

இரண்டாம் வரிதான் உச்சம். *கொற தீக்க வாரேண்டி* என்று மேலே ஏறி, அங்கேயே நின்று, சூலத்தைத் தூக்க வேண்டும். மூச்சை இழுத்தேன். சூலத்தைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன்.

ஏப்பம் வந்தது.

சாதாரண ஏப்பம் இல்லை. கூழ், மோர், சின்ன வெங்காயம் மூன்றும் சேர்ந்து, அடி வயிற்றிலிருந்து கிளம்பி, கூடத்தின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்த ஏப்பம். முடியும் என்று நினைத்த இடத்தில் இன்னொரு சங்கதி போட்டது. பம்பை நின்றுவிட்டது.

அமைதியில், எனக்குக் கூழ் ஊற்றியவர்களோடு பின்னாலேயே பஸ் ஏறி வந்திருந்த அந்தக் கண் கலங்கிய அக்கா சொன்னார்: "ஆத்தாவுக்கு வயிறு ரொம்பிடுச்சி."

மொத்தக் கூடமும் தரையில் விழுந்து கும்பிட்டது. என்னோடு போட்டிக்கு வந்தவர்களும் கும்பிட்டார்கள். மோகன் அண்ணன்கூட செருப்பைக் கழற்றிவிட்டார்.

கும்பிட வந்த கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ நல்லா பாடுனியா இல்லியான்னு எனுக்குத் தெரியாது, கேக்கவே இல்ல. ஆனா உனுக்கு இந்த வேஷம் குடுத்தா ஜனம் நாடகம் பாக்காது, கூழு கொண்டாரும். எனுக்கு நாடகம் நடக்கணும்."

வேஷம் கலசப்பாக்கத்திலிருந்து சுடிதாரில் வந்திருந்த ஒரு நர்சிங் பொண்ணுக்குப் போனது. உட்கார்ந்தபடியே பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். (இதை டைப் பண்ண மனசே வரல.)

வீட்டுக்குப் போய் அப்பா முன்னால் நின்றேன். "வேஷம் கெடைக்கலப்பா. ஓசூர்ல..."

"ஓசூரா? ஊரு முன்னாடி ஆத்தாவுக்கு வாக்கு குடுத்துட்டேன். இப்ப உன்ன அங்க அனுப்புனா சந்தைல எவன் எங்கிட்ட புளி வாங்குவான்? நீ நடி. மொதல்ல போய் மொட்ட போடு."

போட்டேன். ஒரு வருஷம் சாணி அள்ளினேன். நாடகத்தில் கடைசியில் ஒரு வேஷமும் கிடைத்தது, அசுரனுக்குக் குடை பிடிப்பவன். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. மொட்டைத் தலை பொருத்தமாக இருந்ததாம்.

அப்பாதான் மாறிப்போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். என் கீச்சுக் குரல், துள்ளல், அந்த ஏப்பம், சங்கதி விடாமல். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செய்தி மோகன் அண்ணன் காதுக்குப் போய், அவரே மலை ஏறி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். இந்த வருஷ நாடகத்தில் அசுரன் என் அப்பாதான். ஆடிஷன்கூட இல்லை.

இப்போது சொந்தக்காரர்கள் போன் பண்ணி, "உங்க வூட்டு நடிகர் எப்டி கீறாரு?" என்று கேட்டால், அம்மா சிரிக்காமல் திருப்பிக் கேட்கிறார்: "யாரு, பெரிய நடிகரா? சாணி அள்றவரா?"